டாக்டர் ஸ்டீபன் ரொம்ப நல்லவர்

பிறர் வாயால் 'நல்லவர்' என்று பெயர் வாங்குவதில் ஒரு போதை இருக்கிறது. டாக்டர் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு மருந்து கிடையாது. குடிகாரனைக்கூட ஒரு வழியாகத் திருத்திவிடலாம். 'ரொம்ப நல்ல டாக்டர், ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார்' என்று வார்டில் நாலு பேர் சொல்லக் கேட்டவனைத் திருத்தவே முடியாது. அவனாகவே தடுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால்தான் உண்டு. நானும் விழுந்தேன். என் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்தது வேறு ஒரு பெண்ணின் கல்யாணத் தேதி.

முதலில் எங்கள் ஆஸ்பத்திரியின் படிக்கட்டைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி அது. படிக்கட்டின் அடியில் இருப்பவர் ஹவுஸ்மேன்: படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருக்கும் புது டாக்டர். (பெண்ணாக இருந்தாலும் ஹவுஸ்மேன்தான். யாரும் கேள்வி கேட்பதில்லை.) அதற்கு மேல் எம்.ஓ., அதாவது மெடிக்கல் ஆபீசர். பயிற்சியை முடித்தவர், ஹவுஸ்மேன்களை மேய்ப்பவர். அதற்கும் மேலே ஸ்பெஷலிஸ்ட். உச்சியில் கன்சல்டன்ட். இடி, மின்னல், மழை எல்லாம் அங்கிருந்துதான் இறங்கும்.

எங்கள் உச்சியில் இருந்தவர் டாக்டர் சாரதா. ரவுண்ட்ஸ் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடத்துவார். திட்டு மட்டும் அவரவர் மொழியில். மலாய்க்கார ஹவுஸ்மேனுக்கு மலாயில், எங்களுக்குத் தமிழில். சீனப் பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே திட்ட வேண்டியிருந்தது, கிள்ளானில் இத்தனை வருஷம் இருந்தும் அவர்களுடைய ஹொக்கியன் பேச்சைப் படிக்காமல் போனோமே என்ற குறை அவருக்கு உண்டு. நான் ஹவுஸ்மேனாக அவரிடம் மாட்டிய முதல் வாரத்தில், "கழுத்துல தொங்குதே, அது என்ன? ஸ்டெத்தஸ்கோப்பா, சங்கிலியா? நகைக்கடையில வாங்குனியா?" என்று கேட்டார். இது அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டது.

அவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருந்தது: 'தெரியாது.' என்னோடு இருந்த ஒருவன் ஒரு நாள் அதைச் சொல்லித் தொலைத்தான். "தெரியாதா? சரி, அத அங்கிள்கிட்ட போயி சொல்லு. 'அங்கிள், எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க வீட்டுக்குப் போயிடுங்க'னு சொல்லு" என்றார் டாக்டர் சாரதா. அவன் விளையாட்டு என்று நினைத்து நின்றான். விளையாட்டு இல்லை. கடைசியில் அழாக்குறையாகக் கட்டில் பக்கத்தில் போய்ச் சொன்னான். அந்த நோயாளி அங்கிள் பாவம், டாக்டர் சொல்லிவிட்டாரே என்று பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரு பாடம் படித்தது. அது மருத்துவப் பாடம் இல்லை. கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டால் 'நாலு'. நாலு என்பது பெரும்பாலும் யாருக்கும் பொருந்தும், யாரையும் கலவரப்படுத்தாது. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வேறாக இருந்தால், "புது ரிசல்ட் வந்திருக்கு டாக்டர்" என்று மூச்சிரைக்க வந்து நிற்கலாம். அதற்குச் சுறுசுறுப்பானவன் என்று பெயர்கூடக் கிடைத்தது. டாக்டர் சாரதா எங்களை வைத்தியர்களாக ஆக்கினாரோ இல்லையோ, நல்ல நடிகர்களாக ஆக்கிவிட்டார்.

பயிற்சி முடிந்து நானும் எம்.ஓ. ஆனேன். விதி என்னை அதே வார்டில் அதே டாக்டர் சாரதாவின் கீழேயே போட்டது. அப்போது ஒரு சபதம் எடுத்தேன். என் ஹவுஸ்மேன் யாரும் என்னால் அழக் கூடாது. என் தலைமையில் பயம் இருக்காது, அன்பு மட்டுமே இருக்கும். (கண்ணாடி முன்னால் நின்று இதைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.)

சபதத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பயிற்சிப் பட்டறையும் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் ஒரு நாள் வகுப்பு. இளம் டாக்டர்களை எப்படி மேற்பார்வை செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு எடுத்த அம்மாவுக்குத் தாலாட்டு மாதிரிக் குரல். "கேள்வி கேட்டவுடனே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேளுங்கள். அவர்களை யோசிக்க விடுங்கள்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் டாக்டர் சாரதாவிடம் நான் ஏங்கியது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தானே!

மதியம் ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்று நடந்து போய் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தேன். நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அந்தத் தெருவில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசனை வந்தால் கால் தானாகத் திரும்பும். இரண்டு முறை சோறு வாங்கி, ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்து, மோரும் குடித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஏர்கோன் காற்று. தாலாட்டுக் குரல். கண் விழித்தபோது சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை மதியத்துக்குப் பிறகுதான் சொன்னார்களாம். பக்கத்தில் நிற்பது, பார்ப்பது, தப்பைத் திருத்துவது, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடுவது என்று அதில் நிறைய இருந்ததாம். நான் பாதிப் பாடத்தோடும் முழுச் சான்றிதழோடும் வீடு திரும்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் யாழினி என் வார்டுக்கு வந்தாள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தினமும் ஒரு பழைய குட்டிக் காரில் வருவாள். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன். குடும்பத்திலேயே முதல் டாக்டர். எங்கள் வார்டுதான் அவளுக்குக் கடைசி. இதில் தேறிவிட்டால் ஹவுஸ்மேன் பயிற்சி முடிந்தது. முடிந்த கையோடு வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை ஜொகூரில் இன்ஜினியர். கிள்ளானில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. 'டாக்டர் வேலைய முழுசா முடி, அப்புறந்தான் கழுத்துல மாலை' என்று அவள் அப்பா ஒரே பிடியாக இருந்தார். ஆகக்கூடி அந்தக் கல்யாணமே எங்கள் வார்டு வழியாகத்தான் போக வேண்டும். வார்டில் எல்லோருக்கும் இது தெரியும். நர்ஸ்கள் எந்தக் கலர் சேலை கட்டுவது என்றுகூடப் பேசி வைத்திருந்தார்கள்.

யாழினி கெட்டிக்காரி, ஆனால் கொஞ்சம் பயந்த சுபாவம். எனக்கு அது போதுமே! அன்பைக் கொட்ட ஆள் கிடைத்துவிட்டது.

"டாக்டர், ஏழாம் கட்டில் ஆன்டிக்கு சோடியம் கம்மியா இருக்கு. என்ன செய்யலாம்?"

"நீ என்ன நினைக்கிற, யாழினி?"

"தண்ணி குடிக்கிறத குறைக்கச் சொல்லலாமா?"

"ம்ம்… வேற என்ன நினைக்கிற?"

"இல்ல… ட்ரிப் போடணுமா?"

"நல்லா யோசிக்கிற. வெரி குட்."

அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. (அதுதான் மதியத்துக்குப் பிறகு வரும் பாடம் ஆயிற்றே.) அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் புன்னகைப்பேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நிற்போம். பிறகு நானே ஆன்டியின் கட்டிலுக்குப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அவளுக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீயும் வாங்கிக் கொடுத்துவிடுவேன். குழாய், ஊசி என்று கை வேலை வந்தால் இன்னும் மோசம். அவள் கை லேசாக நடுங்கினால் போதும், "பரவாயில்ல, நீ இன்னும் பசியாறலதானே? போ, நான் பாத்துக்கிறேன்" என்று ஊசியை வாங்கிக்கொள்வேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கும். உண்மை என்னவென்றால், நானே செய்தால் பத்து நிமிஷத்தில் முடியும், அவள் செய்து நான் பார்த்துக்கொண்டு நின்றால் முக்கால் மணி நேரம் ஆகும். என் அவசரத்துக்கு நான் வைத்திருந்த பெயர் அன்பு.

ஹவுஸ்மேன்கள் எனக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். வாட்ஸ்அப்பில் என் ரசிகர் மன்றம் ஒன்று இயங்குவதாகக் கேள்வி. அந்தக் கேக்கில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி ரூத்திடம் காட்டினேன். ரூத் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கேக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க, சரி. கத்துக்கிறாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே ரூத்து?"

"என் ரெண்டாம் ஆண்டு வகுப்புல ஒரு பையன் இருக்கான். வீட்டுப்பாடம் முத்து முத்தா இருக்கும். அத்தனையும் அவங்கம்மா கையெழுத்து. அவனுக்கு இன்னும் 'ழ' எழுத வரல. ஆனா அம்மான்னா உசுரு."

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு மருத்துவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேக்கை நானே தின்று முடித்தேன்.

யாழினியின் கடைசி வாரம் வந்தது. பயிற்சி முடிகிறவர்களை டாக்டர் சாரதா நோயாளியின் கட்டிலருகே வைத்துச் சோதிப்பார். அவர் சரி என்றால் முடிந்தது. இல்லையென்றால் 'எக்ஸ்டென்ஷன்', அதாவது அதே வார்டில் இன்னும் மூன்று மாதம். வராந்தாவில் நடந்துகொண்டே என்னைக் கேட்டார்: "இந்தப் பொண்ணு ரெடியா?"

"ரெடி டாக்டர். என் பெஸ்ட் ஹவுஸ்மேன்."

இதைச் சொல்லும்போது என் மார்பு ஒரு அங்குலம் விரிந்ததை நானே உணர்ந்தேன்.

கட்டிலில் இருந்தவர் சுந்தரம் அங்கிள், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. முதுகுப் பக்கம் விலா எலும்புகளுக்கு இடையில் ஊசி போட்டு அந்த நீரை எடுக்க வேண்டும். வார்டில் இதை 'டேப்' என்பார்கள். எங்கள் வார்டில் வாரத்துக்குப் பலமுறை நடக்கும் வேலை. அங்கிள் சட்டையைக் கழற்றிவிட்டு, மேசை மேல் தலையணை வைத்து அதன் மேல் கவிழ்ந்தபடி தயாராக உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் படமும் பக்கத்திலேயே இருந்தது. படத்தைப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்து, இடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஊசி போட வேண்டும்.

டாக்டர் சாரதா, அங்கிளுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே கேட்டார். "யாழினி, அங்கிளுக்கு டேப் பண்ணணும். எங்க போடுவ? காட்டு."

யாழினி முதுகைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வழக்கமான என் புன்னகையைக் கொடுத்தேன். அவள் டாக்டர் சாரதா பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, டாக்டர்?"

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து டாக்டர் சாரதாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் வீட்டில்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"நான் என்ன நினைக்கிறேன்னு என்னயவே கேக்குறியா?"

"இல்ல டாக்டர்… எப்பவும்… டாக்டர் ஸ்டீபன் அப்படித்தான் கேப்பாங்க… அப்புறம் அவங்களே…"

மேலே சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் டாக்டர் சாரதா என் பக்கம் திரும்பினார். "ஸ்டீபன். இவ இதுவரைக்கும் எத்தன டேப் பண்ணியிருக்கா?"

எனக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன். தேவாலயத்தில் பைபிள் வாசிக்கிறவன். ஆனால் அந்தப் பார்வை மேலே பட்டதும் நான் மறுபடியும் நடுங்கும் ஹவுஸ்மேன் ஆகிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"நாலு."

"இல்ல டாக்டர்," என்றாள் யாழினி. "ஒண்ணுகூடப் பண்ணல. எல்லாத்தையும் டாக்டர் ஸ்டீபன்தான் பண்ணாங்க. நான் கேன்டீன்ல இருந்தேன்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் வேதனை. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அவளுக்கு ஒரு நாளும் பயத்தைக் காட்டியதில்லை. டாக்டர் சாரதா வளர்த்த பிள்ளை கூசாமல் பொய் சொன்னது. நான் வளர்த்த பிள்ளை அழகாக உண்மை சொன்னது, ஆனால் அதற்கு ஊசி போடத் தெரியாது. இரண்டு பேருடைய வளர்ப்பும் சுந்தரம் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் சந்தி சிரித்தது.

"கையுறைய மாட்டு," என்றார் டாக்டர் சாரதா என்னிடம். "நீ பண்ணு. இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

டேப் எனக்குக் கைவந்த வேலை. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வேன். ஆனால் எழுப்புகிறவர் டாக்டர் சாரதாவாக இருக்கக் கூடாது. இடத்தைத் தட்டிப் பார்த்தேன். மரத்துப்போகும் மருந்தைப் போட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. "கைய ஏன் அப்படிப் புடிக்கிற? சட்டி கழுவுறியா? இன்னும் கொஞ்சம் மேல. அவ்வளவு மேல இல்ல. கை நடுங்குதா? எனக்குத் தெரியுதே, உனக்குத் தெரியலயா?" ஊசி உள்ளே போனது. இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. நெற்றி வியர்வை என் மூக்கு நுனி வரை வந்து நின்றது. அதைத் துடைக்கவும் முடியாது, கையுறை போட்டிருக்கிறேன்.

"டாக்டர் தம்பி," என்றார் சுந்தரம் அங்கிள், தலையணைக்குள் இருந்தபடியே. "யாராச்சும் ஒருத்தர் பண்ணுங்க லா. முதுகு குளிருது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நான் லோரி ஓட்டுறப்பவும் அப்படித்தான். பக்கத்துல மொதலாளி ஏறி உக்காந்தா கியரே விழாது" என்றார்.

யாரோ ஒரு ஹவுஸ்மேன் இருமுவது போல் சிரித்தான். டாக்டர் சாரதா யார் அது என்று கண்டுபிடிக்கத் திரும்பிய நேரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். நான் ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஊசியை ஒரு மயிரிழை திருப்பினேன். தேநீர் நிறத்தில் நீர் சரசரவென்று வந்தது. அவர் திரும்பி வந்து குப்பியைப் பார்த்தார்.

"பாத்தியா? நான் பக்கத்துல நின்னதாலதான் வந்துச்சு."

"ஆமா டாக்டர்," என்றேன். வேறு என்ன சொல்ல?

தீர்ப்பு வராந்தாவில் வந்தது. மூன்று மாதம் எக்ஸ்டென்ஷன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் வாதாடினேன். தப்பு என்னுடையது என்றேன். அந்தப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் என்றேன்.

"அடுத்த மாசம் அவள ஏதோ ஒரு ஊருல தனியா நிக்க வைப்பாங்க. ஒருத்தர் மூச்சு முட்டிக்கிட்டு வருவார். அவர்கிட்டயும் 'நீங்க என்ன நினைக்கிறீங்க'னு கேப்பாளா?"

கத்துகிறவர்கள் சில சமயம் சரியாகவும் பேசித் தொலைக்கிறார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "நான் திட்டுனதாலதான் நீ டாக்டர் ஆன. அத மறந்துட்ட." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீங்கள் திட்டித் திட்டி எனக்குக் கற்றுக்கொடுத்த 'நாலு'தான் டாக்டர் சற்று முன் கட்டிலருகே கேட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மறக்கல டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

யாழினி கேன்டீனில் இருந்தாள். நான் வழக்கம்போல ஒரு தே தாரேக்கோடு போனேன். (அந்த நேரத்தில்கூட எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.) அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி மறுபடியும் நல்லவன் ஆகியிருப்பேன்.

"ஒரு தடவையாச்சும் திட்டியிருக்கலாம்ல, டாக்டர்?"

"உன்னய கஷ்டப்படுத்த வேணாம்னுதான்…"

"நேத்துதான் அப்பா கார்டு அச்சடிக்கக் குடுத்தாரு," என்றாள். "நீங்க எல்லாருக்கும் நல்லவரா இருந்தீங்க. எனக்கு ஒரு ஊசி போடத் தெரியல. நான் கெட்டிக்காரின்னு நீங்க சொன்னத நம்பிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் சாரதா திட்டியபோது பயந்திருக்கிறேன், கூனிக் குறுகியிருக்கிறேன், ஆனால் இப்படி வெட்கப்பட்டதில்லை. அந்த மூன்று மாதமும் நானே பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன், நீ கவலைப்படாதே என்றேன். அவள் தே தாரேக்கை என் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"இல்ல டாக்டர். என்னய டாக்டர் லிம் பக்கம் மாத்திவிடுங்க."

லிம்! பக்கத்து வார்டு எம்.ஓ. சிடுமூஞ்சி. அவருக்குப் பிறந்தநாள் எப்போது என்றுகூட யாருக்கும் தெரியாது, கேக் எங்கே வெட்டுவது? ஹவுஸ்மேன் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். 'தப்பு' என்பார். 'மறுபடியும்' என்பார். 'சரி' என்று சொல்ல மட்டும் கொஞ்சம் யோசிப்பார். தே தாரேக்கெல்லாம் கிடையாது. என்னை விட்டுவிட்டு இந்த மனிதரிடம் போகிறேன் என்கிறாளே என்று ஒரு கணம் பொறாமை வந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு அது வந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மாற்றிவிட்டேன். இரண்டாவது வாரமே, லிம் ஒரு விரலைக்கூட நீட்டாமல், யாழினி தன் முதல் டேப்பைச் செய்து முடித்தாள் என்று நர்ஸ்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்கள்.

அவள் அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். மனிதர் கத்துவார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று காரை ஓரம் கட்டி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அழைத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "பரவாயில்லங்க டாக்டர். நீங்க ரொம்ப நல்லவர்னு பாப்பா எப்பவும் சொல்லும்" என்றார். அதற்குப் பதில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிளம்பி வந்து இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்த எனக்கு ஆடி மாதம் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. அந்த வருஷம் நன்றாகத் தெரிந்துகொண்டேன். எக்ஸ்டென்ஷன் முடிகிற நேரம் ஆடி. ஆடியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள், ஆகவே ஆவணி. ஆடியைத் தவிர்த்தவர்கள் எல்லாரும் ஆவணியில்தான் விழுவார்கள், ஆகவே கிள்ளானில் ஒரு மண்டபமும் காலி இல்லை. கடைசியில் காஜாங்கில் ஒன்று கிடைத்தது. தெலுக் பங்லிமா காராங் சொந்தபந்தம் மொத்தமும், தவறு செய்தவன் ஸ்டீபன் ஒருவன்தான் என்றாலும், வாகன நெரிசலில் வெந்தபடி காஜாங்குக்கு வந்து சேர்ந்தது. எங்கள் காருக்கும் அதே கதிதான். 'சத்தே கடை திறந்திருக்குமா' என்று மட்டும் ரூத் ஒரு தடவை கேட்டாள். (சத்தே என்பது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, காஜாங் அதற்குப் பேர் போனது.)

மேடையில் யாழினி சிரித்த முகமாக இருந்தாள். அவள் கடைசிச் சோதனையில் டாக்டர் சாரதாவே ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவரிடம் அதற்கு மேல் பாராட்டு இல்லை. எங்களுக்கு முன்னால் வரிசையில் லிம் நின்றார், பூப்போட்ட பாத்தேக் சட்டையில், வழக்கமான சிடுமூஞ்சியோடு. யாழினி மாப்பிள்ளையிடம் அவரைக் காட்டி, "இவங்கதான் எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவங்க" என்றாள். லிம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

அடுத்து நான். யாழினி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, குறும்பு இருந்தது. மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"இவங்கதாங்க என்னோட மூணு மாசம்."

மாப்பிள்ளை என் கையைப் பிடித்து நன்றாகவே குலுக்கினார். ரூத் மேடையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். புகைப்படத்தில் மணமக்கள் அழகாக நிற்கிறார்கள், நான் அசடு வழிய நிற்கிறேன், என் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் என் பெயர் ஸ்டீபன் இல்லை. ரூத்தின் அக்கா, என் தம்பி, தேவாலயத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் வரைக்கும் விஷயம் பரவிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது என் மகள் வாசலில் உட்கார்ந்து காலில் மாட்டிய சப்பாத்தின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது. நான் குனிந்து, "குடும்மா, அப்பா கட்டிவிடுறேன்" என்று கையை நீட்டினேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மூணு மாசம்! கைய எடுங்க!"

எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், அவிழ்த்தாள், மறுபடியும் இழுத்தாள். ஒரு வழியாகக் கட்டி முடித்தபோது முடிச்சு கோணலாக இருந்தது. நாங்கள் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது முதல் பாட்டு முடிந்துவிட்டது.